கறுப்புச் செடி வளர்ப்போம். தொட்டி மட்டும் வெள்ளையாக இருக்கட்டும்!

பெரம்பலூர், பிப்.12–

நாளை மாசி பிறக்கிறது. விடியற்காலையில் இன்னும் பனி விழுகிறது. ஆனால் பத்து மணிக்கெல்லாம் வெயில் சுள்ளென்று அடிக்க ஆரம்பித்துவிட்டது.

பெரம்பலூர், அரியலூர் பக்கம் வீட்டுத்தோட்டம் போட நினைப்பவர்களுக்கு இதுதான் நேரம். "அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போட்டால், செடி வேர் பிடிப்பதற்குள் கோடை வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஆண்டுதோறும் நடக்கிற கதை இது. பங்குனி வெயிலில் தள்ளுவண்டிக்காரர் வருவார். வண்டி நிறையச் செடிகள். அதில் கண்ணைப் பறிப்பது கருஞ்சிவப்பு இலைச் செடிதான். பேரம் பேசி இரண்டு வாங்குவார்கள். கறுப்பு பிளாஸ்டிக் பையோடு அப்படியே மொட்டை மாடியில் வைப்பார்கள். சித்திரை பிறந்ததும் இலை ஓரம் தீய்ந்துபோகும். அக்னி நட்சத்திரம் தொடங்கும்போது செடி வெறும் குச்சியாக நிற்கும்.

"கறுப்புச் செடி நம்ம வீட்டுக்கு ராசி இல்லைப்பா!" என்று பேச்சை முடித்துவிடுவார்கள்.

ராசியும் இல்லை, தோஷமும் இல்லை! நட்ட பருவம் தப்பு. மண்ணைக் கவனிக்காதது தப்பு. எல்லாவற்றுக்கும் மேலாக, தொட்டியின் நிறம் தப்பு. இந்த மூன்றையும் சரிசெய்தால் கறுப்புச் செடிகள் இந்த மண்ணிலும் ஜம்மென்று வளரும்.

கறுப்பு என்றால் கெட்டதா?

கறுப்பு நிறத்தை நல்ல காரியத்துக்கு ஒதுக்கிவைக்கும் வீடுகள் உண்டு. ஆனால் அதே வீட்டில் தாளிப்பதற்கு என்ன போடுகிறார்கள்? கருவேப்பிலை! மாடத்தில் வைத்துக் கும்பிடுவது எது? துளசி! அதிலும் கருந்துளசி என்றால் கண்ணனுக்கு உகந்தது என்று தனி மரியாதை.

கருநொச்சி, மணத்தக்காளி, கருநீலச் சங்குப்பூ, ஊதாக் கத்தரி, சிவப்புத் தண்டுக்கீரை, சிவப்புத் தண்டு கொடிப்பசலை என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். இவற்றில் முக்கால்வாசி சமையலுக்கும் கைவைத்தியத்துக்கும் உதவுபவை. அழகுக்கு அழகு, காய்க்குக் காய்.

இலைக்குள் ஒரு குடை

முழுக் கறுப்பு இலை என்பது அபூர்வம். நாம் கறுப்பு என்று சொல்வது ஆழ்ந்த ஊதாவோ, கருஞ்சிவப்போதான். 'அந்தோசயனின்' என்ற நிறமி தருகிற வண்ணம் அது. நாவல் பழத்தைத் தின்றால் நாக்கு ஊதாவாக மாறுகிறதே, அதற்குக் காரணமும் இதே நிறமிதான். கத்தரிக்காய்த் தோலில் மின்னுவதும் இதுவே.

இந்த நிறமி இலைக்கு ஒரு குடை போல வேலை செய்கிறது. அளவுக்கு மிஞ்சிய வெளிச்சத்தைத் தடுத்து, உள்ளே இருக்கும் பச்சையத்தைக் காப்பாற்றுகிறது. வெளிச்சம் போதாவிட்டால் செடி இந்த நிறமியைக் குறைத்துவிடும். அதனால்தான் கூடத்து மூலையில் வைத்த கருஞ்சிவப்புச் செடி கொஞ்ச நாளில் பச்சையாக வெளுத்துப்போகிறது.

ஆக, இருட்டு மூலையும் ஆகாது. மத்தியான வெயில் முழுசாகக் கொளுத்தும் இடமும் ஆகாது. காலை வெயில் நன்றாக விழுந்து, மூன்று மணிக்கு மேல் நிழல் தட்டும் இடமே தோது.

வேருக்குக் குடை இல்லை

இலைக்குக் குடை இருக்கிறது. வேருக்கு? அதற்கு எதுவும் இல்லை. இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள்.

கறுப்புப் பையும் கறுப்புத் தொட்டியும் வெயிலை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். சித்திரை மத்தியானத்தில் மாடித் தளமும் சுடும், தொட்டியும் சுடும். உள்ளே இருக்கும் மண் சூடேறி, ஓரத்து வேர்கள் வெந்துபோகும். மேலே எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் வெந்த வேர் அதைக் குடிக்காது. "தண்ணி ஊத்தியும் செத்துப்போச்சே" என்று புலம்புவது இதனால்தான்.

வழி எளிது. தொட்டிக்கு வெளிப்புறம் வெள்ளை பெயிண்ட் அடியுங்கள். முடியாவிட்டால் பழைய சணல் சாக்கைச் சுற்றுங்கள். அடியில் இரண்டு செங்கல் கொடுத்துத் தூக்கி வையுங்கள். தளத்துச் சூடு ஏறாது.

செடி கறுப்பு, தொட்டி வெள்ளை! இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்தாலே பாதிச் செடி பிழைத்துவிடும்.

கடல் கிடந்த இடம்

அடுத்தது மண். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 'கல்மரம்' இருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப்போகும் இடம். ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மரம், கல்லாக மாறிக் கிடக்கிறது. நீளம் சுமார் 18 மீட்டர். புவியியல் அறிஞர் எம்.எஸ்.கிருஷ்ணன் 1940-ல் இதைப் பற்றி உலகுக்குச் சொன்னார்.

அந்தக் காலத்தில் இந்தப் பகுதி கடல். சிப்பிகளும் நத்தைகளும் கடலடியில் படிந்து படிந்து சுண்ணாம்புப் பாறை ஆயிற்று. அரியலூரைச் சுற்றி சிமெண்ட் ஆலைகள் வந்ததற்குக் காரணம் அந்தச் சுண்ணாம்புதான். வீட்டுத்தோட்டச் செடி மஞ்சளடிப்பதற்கும் பல இடங்களில் அதே சுண்ணாம்புதான் காரணம்!

மண்ணில் சுண்ணாம்பு மிகுந்தால் இரும்புச் சத்து செடிக்குக் கிட்டாது. மண்ணில் இரும்பு இருக்கும். வேரால் எடுக்க முடியாது. கொழுந்து இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். கருவேப்பிலையில் இதை அடிக்கடி பார்க்கலாம். உரம் போதவில்லை என்று நினைத்து மேலும் மேலும் உரம் போடுவது வீண் செலவு.

நாட்டு மருந்துக் கடையில் 'அன்னபேதி' என்று கேளுங்கள். உரக்கடையில் பெர்ரஸ் சல்பேட் என்பார்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் கரைத்து, நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு, சாயந்திரத்தில் இலை மேல் தெளிக்க வேண்டும். பதினைந்து நாள் கழித்து இன்னொரு தடவை. புதுக்கொழுந்து பச்சையாக வரும்.

இன்னொன்று. அடுப்புச் சாம்பலைச் செடிக்குக் கொட்டும் வழக்கம் இருக்கிறது. சுண்ணாம்பு மண்ணில் அது நிலைமையை இன்னும் மோசமாக்கும். சாம்பலைக் குறைத்துக்கொள்வது நல்லது.

கரிசலை நம்பலாமா?

"எங்க மண்ணு கன்னங்கரேல்னு இருக்கு. சத்துக்கு என்ன குறைச்சல்?" என்று கேட்பார்கள். கறுப்பாக இருப்பதெல்லாம் சத்து அல்ல! பருத்தி விளையும் கரிசல் ஈரத்தை நன்றாகப் பிடித்துவைக்கும், அது உண்மை. ஆனால் மக்குச் சத்து குறைவு. மழையில் உப்பிப் பிசுபிசுக்கும். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். வெடிப்பு விழும்போது பிஞ்சு வேர்கள் அறுந்துபோகும்.

தொட்டிக்கு வெறும் கரிசலை நிரப்பாதீர்கள். மண் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு கலந்தால் போதும். தரையில் நடுவதானால் குழிக்கு இரண்டு கூடை தொழுவுரம் போட்டு நடலாம். ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் முந்திரி விளையும் செம்மண். அங்கே வெடிப்புத் தொல்லை இல்லை. ஆனால் தண்ணீர் நிற்காது. அங்கேயும் தொழுவுரம்தான் மருந்து.

தூசியைக் காட்டிக்கொடுக்கும்!

அரியலூர்க்காரர்களுக்கு இன்னொரு கவலை. சுண்ணாம்புக்கல் லாரி போகும் ரோட்டோரத்து வீடுகளில் இலை மேல் தூசி படியும். இலை மூச்சுவிடும் துளைகள் அடைபடும். வெளிச்சமும் குறையும். செடி மெல்ல மெல்லச் சோர்ந்துபோகும்.

பச்சை இலையில் தூசி சட்டென்று தெரியாது. கருந்துளசி இலையில் விரல் வைத்து இழுத்தால் கோடு தெரியும்! கோடு விழுந்தால் அன்றைக்கே இலைகளுக்குக் குளியல் போட வேண்டும். விடியற்காலையில் பூவாளியால் தெளித்தால் போதும். அந்த வகையில் கறுப்புச் செடி ஒரு காவல்காரன்.

பத்துக்குப் பத்து போதும்

பெரிய தோட்டம் வேண்டாம். பத்தடிக்குப் பத்தடி இடத்தில் இப்படிப் போடலாம்.

மேற்கு ஓரம்: சாயந்திர வெயிலை மறிக்கும் வரிசை. கருநொச்சிக் குச்சிகளை ஓடித்து நட்டு வேலியாக்கலாம். வேலியை ஒட்டிப் பருத்திமாரைப் படலாகக் கட்டிச் சங்குப்பூவை ஏற்றிவிடலாம். படலுக்கு நன்றாகக் காய்ந்த, மாவுப்பூச்சி இல்லாத பருத்திமாராகப் பார்த்து எடுக்க வேண்டும். மூலையில் ஒரு கருவேப்பிலை.

நடுவில்: கத்தரி. இரண்டடிக்கு ஒன்றாக எட்டுச் செடி. பாலூர் 1 போன்ற ஊதா ரகம் நல்லது. விதை போட்டால் நாற்றுக்கே ஒரு மாதத்துக்கு மேல் போய்விடும். ஆகவே நாற்றாகவே வாங்கி இந்த வாரம் நட்டுவிடுங்கள். ஏறத்தாழ 60 நாளில், அதாவது சித்திரைப் பிறப்பை ஒட்டி முதல் காய் பறிக்கலாம். அக்னி நட்சத்திரம் தொடங்குவது மே 4-ம் தேதி வாக்கில். கத்திரி வெயில் வருவதற்குள் கத்தரிக்காய் கைக்கு வந்துவிடும்!

கிழக்கு ஓரம்: சிவப்புக் கீரைப் பாத்தி. விதையை மணலோடு கலந்து தூவினால் 25 நாளில் பொரியலுக்குத் தயார். பெங்களூர் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட 'அர்கா அருணிமா' கருஞ்சிவப்பு இலை ரகம். கீரைக்கு அப்பால் இரண்டு மணத்தக்காளி. கத்தரியும் மணத்தக்காளியும் ஒரே குடும்பம். ஒன்றுக்கு வந்த பூச்சி மற்றதற்கும் தாவும். அதனால் நடுவில் கீரை இருப்பது நல்லது.

கத்தரியில் நுனித் தண்டு வாடித் தொங்கினால் உள்ளே புழு இருக்கிறது என்று அர்த்தம். வாடிய நுனியைக் கிள்ளி அழித்துவிடுங்கள். செடியடியில் போட்டால் புழு மறுபடி கிளம்பிவிடும்.

மூன்று குடம் கணக்கு

"குடிக்கவே தண்ணி பார்த்துப் புடிக்கிறோம். செடிக்கு எங்கே போறது?" நியாயமான கேள்வி. பெரம்பலூர் மாவட்டத்தில் ஓராண்டுச் சராசரி மழையே ஏறத்தாழ 860 மில்லிமீட்டர்தான். அதில் பெரும் பங்கு ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிப் பெய்துவிடுகிறது.

கோடையில் ஒரு சதுர மீட்டர் பாத்திக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் தேவை என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்துக்குப் பத்து அடி என்பது ஒன்பது சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஆகச் சுமார் 45 லிட்டர். பதினைந்து லிட்டர் குடத்தில் மூன்று குடம். அரிசி, காய்கறி கழுவிய தண்ணீரைச் சேர்த்துவைத்தாலே ஒரு குடத்துக்குப் பக்கம் தேறும். சோப்புத் தண்ணீர் வேண்டாம்.

இதையும் குறைக்க வழி இருக்கிறது. பெரம்பலூர் மக்காச்சோள நாடு. அறுவடை முடிந்து தட்டை காடு முழுக்கக் கிடக்கும் காலம் இது. ஒரு கட்டு கொண்டுவந்து துண்டு துண்டாக நறுக்கிச் செடியைச் சுற்றி நாலு விரல் கனம் பரப்புங்கள். மண் சூடேறாது, ஈரம் சீக்கிரம் ஓடாது, கரிசல் வெடிப்பதும் குறையும். தண்டை ஒட்டிக் குவிக்காமல் இரண்டு விரல் இடைவெளி விட வேண்டும்.

உஷார்!

கறுப்பு அழகாக இருக்கிறது என்று கருஊமத்தையை வீட்டில் கொண்டுவந்து வைக்காதீர்கள். பூ அழகுதான், விதை விஷம். கருஞ்சிவப்பு அரளியும் அப்படியே. வீட்டில் சின்னப் பிள்ளைகள், ஆடு மாடு இருந்தால் இரண்டும் வேண்டவே வேண்டாம்.

மண்ணில் சந்தேகம் இருந்தால் பெரம்பலூர்க்காரர்கள் வாலிகண்டபுரத்திலும், அரியலூர்க்காரர்கள் சோழமாதேவியிலும் உள்ள வேளாண் அறிவியல் மையங்களில் விசாரிக்கலாம். மண் பரிசோதனை செய்துகொண்டால் கண்ட உரத்தையும் வாங்கிக் காசைக் கரைக்க வேண்டியதில்லை.

கடைக்காரருக்கு ஞாயிறு மத்தியானம், ஆபீஸ் போகிறவருக்குச் சனிக்கிழமை சாயந்திரம் — இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் குழி வெட்டி நாற்று நட்டுவிடலாம். இந்த மாசியில் நட்டவர் சித்திரையில் காய் பறிப்பார். சித்திரையில் நடுபவர் குடம் குடமாகத் தண்ணீர் சுமப்பார்.

முதலில் ஒரு வேலை. மொட்டை மாடியில் போன வருஷத்துக் கறுப்புத் தொட்டி காலியாகக் கிடக்கிறதா? இன்றைக்கே அதற்கு வெள்ளை அடித்துவிடுங்கள்!