பட்டம்மாளுக்கு ஒரு சிலை

உடன்குடிச் சில்லுக்கருப்பட்டியை வாயில் போட்டால் முதலில் இனிப்புதான். உள்ளே ஒளிந்திருக்கும் சுக்கு மெதுவாகத்தான் சுரீர் என்று ஏறும். நாவலாசிரியை வை.மு.கோதைநாயகி அம்மாளின் பத்திரிகை அடுப்படியை எட்டிப் பார்த்தேன். ஆத்தாடி, அங்கேயும் இதே பக்குவம்!

உள்ளே நுழைந்ததும் முதல் அதிர்ச்சி: அம்மாள் கையில் பேனாவையே காணோம். 1901இல் பிறந்தவர், ஐந்தரை வயதில் கல்யாணம், பள்ளிக்கூட வாசனையே கிடையாது. முதல் படைப்பான 'இந்திரமோகனா' நாடகத்தை அவர் வாயால் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள்தான் எழுதினார். சொல்கிறவர் ஓட, எழுதுகிறவர் துரத்த... கை கடுத்திருக்காதா அந்த மனுஷிக்கு! கோதைக்கு எத்தனை மாலை போட்டாலும் பட்டம்மாளுக்கு ஒரு சிலை வைத்தே ஆக வேண்டும் என்பது என் கட்சி.

நின்றுபோயிருந்த 'ஜகன்மோகினி' மாத இதழை 1925இல் வாங்கி ஆசிரியராக உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் 35 வருஷம் எழுந்திருக்கவில்லை. நாவல் கணக்கு 115! விதவை மறுமணம், பெண் கல்வி, மதுவிலக்கு என்று நேரே பேசினால் முகம் திருப்பும் வீடுகளுக்குள், அடுத்த மாதம் என்ன ஆகுமோ என்று ஏங்க வைக்கும் தொடர்கதையாகப் போய் நுழைந்தார். தலையங்கத்தைத் தாண்டிப் போகிறவர்கூடக் கதையைத் தாண்ட முடியுமா? என்னைக் கேட்டால், கருத்து எழுதுகிறவர்கள் இன்றைக்கும் படிக்க வேண்டிய பாடம் இது.

எழுதியதோடு விடவில்லை, கள்ளுக்கடை மறியலுக்கும் கிளம்பிவிட்டார். பனங்காட்டுக்காரியான எனக்கு இந்த இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் பக்கம் கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். ஒரு விரல் சுண்ணாம்பில் தப்பியது எங்கள் ஊர் மானம்!

போராட்டம் சிறையில் கொண்டுபோய் விட்டது. அங்கே போயாவது ஓய்ந்தாரா? 'உத்தமசீலன்' நாவலை எழுதி முடித்தார். இரண்டாம் உலக யுத்த காலத்தில் குண்டு விழும் என்று சென்னை காலியானபோது சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் குடிபெயர்ந்து, அங்கிருந்தும் இதழை விடாமல் கொண்டுவந்தார்.

1960இல் அம்மாள் காலமானார். உங்கள் வீட்டுப் பரணில் 'ஜகன்மோகினி' ஏதும் கிடந்தால், கருப்பட்டி பொதியக் கிழித்துவிடாதீர்கள். எனக்கு ஒரு வார்த்தை சொல்லியனுப்புங்கள், ஓடி வருகிறேன்.