நிழலை எதிர்கொள்ளத் தியானம் போதுமா?

சூரிச் ஏரியின் கரையிலே குஸ்நாக்ற் என்றோர் ஊர் உண்டு. உளமருத்துவர் கார்ல் குஸ்தாவ் யுங் 1909 முதல் 1961-இல் மறையும்வரை அங்கேதான் வாழ்ந்தார். அந்த நாட்டிலும் ஏனைய புலம்பெயர் நாடுகளிலும் வாழும் நம்மவர்க்கு அவருடைய கருத்தொன்று மிகவும் பொருந்துவதாகும்.

மனிதன் தன்னிடம் இருப்பதாக ஒப்ப விரும்பாத சினம், பொறாமை, அச்சம், வெட்கம் முதலியவற்றை நனவிலி மனத்துள் தள்ளிவிடுகிறான். அவ்வாறு தள்ளப்பட்ட பகுதியையே யுங் 'நிழல்' என்றார். அது அங்கே அடங்கிக் கிடப்பதில்லை. நம்மிடம் காண மறுக்கும் குறையைப் பிறரிடம் பன்மடங்காகக் காணச் செய்கிறது. காரணமின்றி மனைவிமீது சீறும் கணவனிடத்தும், பிள்ளையின் சிறு பிழையையும் பொறுக்காத தாயிடத்தும் அதன் சாயலைக் காணலாம். வெளிப்பட வாய்ப்பின்றிப் போன நல்லாற்றல்களும் அந்நிழலுக்குள் உண்டு என்பார் யுங்.

இதனை எதிர்கொள்ளும் வழி தியானமா, உளச்சிகிச்சையா? நம்மவருட் பலர் முதலாவதையே நாடுவர். அது நம் மரபு, செலவில்லை, 'விசருக்கு மருந்தெடுக்கிறார்' என்ற ஊர்ப்பேச்சுக்கும் இடமில்லை.

யுங் இதனை ஆழ்ந்து எண்ணியவர். ஐரோப்பியர் யோகத்தைக் கற்கலாம், ஆனால் அப்படியே கைக்கொள்ளலாகாது என்று 1936-இல் எழுதினார். 1937-இன் இறுதியில் இந்தியாவுக்குப் பயணமானபோது இலங்கைக்கும் சென்று கண்டி தலதா மாளிகையைக் கண்டார். இரமண மகரிஷியையோ காணாமலே திரும்பினார். தன் உண்மையைத் தன்னுள்ளிருந்தே பெறவேண்டும் என்பது அவர் எண்ணம்.

அவ்வெச்சரிக்கை ஐரோப்பியர்க்குரியது, நமக்கன்று எனலாம். ஆயின் 1984-இல் அமெரிக்க உளவியலாளர் ஜோன் வெல்வூட் சொன்னதை அவ்வாறு ஒதுக்க இயலாது. அவர் தாமே பௌத்த தியானம் பயின்றவர். ஆறாத மனக்காயங்களைத் தொடாமல் கடந்துபோகச் சிலர் ஆன்மீகத்தைப் பயன்படுத்துவதைக் கண்டு, அதற்கு 'ஆன்மீகப் புறவழி' என்ற பொருள்படப் பெயரிட்டார். தியானத்தில் அமைதியாக இருப்பவர் சமையலறையில் சினந்தெழுவாராயின், நிழல் கரையவில்லை. ஒளிந்திருக்கிறது என்றே பொருள்.

தன் பிடரியைத் தானே காண எவராலும் இயலாது. காணாததே நிழல் எனில், அதைக் காட்ட இன்னொருவர் வேண்டும். உளச்சிகிச்சையின் பயன் இங்கேதான். சிகிச்சையாளரிடமே நாம் சினப்படுகிறோம், அஞ்சுகிறோம், மறைக்கிறோம். அந்த உறவிலேயே நிழல் வெளிப்படுகிறது, பேசி உணரப்படுகிறது.

போரைக் கடந்து வந்தவர்க்கு இன்னுமொன்று உண்டு. செல்வீச்சையும் தடுப்புமுகாமையும் கண்டவர் தனித்திருந்து கண்மூடினால், அங்கே வெறுமை இராது. பழைய காட்சிகள் வெள்ளமாய்ப் பாயலாம். அவ்வேளை கண்ணைத் திறந்து, பாதத்தை நிலத்திலூன்றி, பயிற்சியை நிறுத்துவது கோழைத்தனமன்று.

இதனால் தியானம் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. 1979-இல் அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜோன் கபாற்-சின் அதனை நோயாளர்க்குப் பயிற்றத் தொடங்கினார். யாழ்ப்பாணத்தில் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போரினால் உளம் நொந்தோர்க்கு அவரவர் சமயத்துக்கேற்ற மந்திர உச்சாடனத்தையும் மூச்சுப் பயிற்சியையும் மருத்துவத்தோடு இணைத்தே பயன்படுத்தினார். உடலை அமைதிப்படுத்த ஒன்று, உள்ளத்தைத் திறக்க மற்றொன்று. இரண்டும் பகையல்ல.

அகதி விசாரணையில் தம் துயரத்தைச் சொல்லி, திகதி பிசகியதால் நம்பப்படாத பலர், இனி எவரிடமும் வாய்திறப்பதில்லை என்று இருக்கின்றனர். சிகிச்சை அறை விசாரணை அறையன்று. அங்கே சான்று கேட்பாரில்லை. அழுகை இடையிட்டாலும் குறையில்லை. மொழி தெரியாவிடின் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். அவரும் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவரே. அவர் நமக்கு அறிமுகமானவராயின் வேறொருவரைக் கோரலாம்.

உறக்கமின்மையும் காரணமறியாச் சினமும் வாரக்கணக்கில் நீடித்தால், குடும்ப மருத்துவரிடம் அதனைச் சொல்வோம். நாம் காண மறுக்கும் நிழல் நம்மோடு முடிவதில்லை. அதன் பாரத்தை நம் பிள்ளைகளே சுமக்கின்றனர்.