மின் பகிர்மானத்தில் டிஜிட்டல் கண்காணிப்பு: பழுது அபாயம் குறைவது எப்படி?
கோரமண்டலை உள்ளடக்கிய கோலார் தங்கவயலுக்கு, சிவனசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து சுமார் 147 கி.மீ. நீள மின்பாதை வழியே 1902-ஆம் ஆண்டு மின்சாரம் வந்தது. சுரங்கத்தில் மின்தடை என்பது இருளோடு முடிவதில்லை. நீரிறைக்கும் பம்பும் ஆட்களை ஏற்றும் கூண்டும் நின்றுவிடும்.

இன்று மின்மாற்றியின் சுமை, எண்ணெயின் வெப்பநிலை, அதில் கரைந்துள்ள வாயுக்கள் ஆகியவற்றை உணரிகள் இடைவிடாது அளக்கின்றன. இதனால் உட்புறக் காப்பு சிதைவதை, மின்மாற்றி எரியும் முன்பே அறியலாம். தெருவோர மின்மாற்றிகள் அனைத்திலும் இவற்றைப் பொருத்துவது கட்டுப்படியாகாது. மருத்துவமனை, குடிநீரேற்று நிலையம் போன்றவற்றுக்கு மின்சாரம் வழங்குபவற்றுக்கே முன்னுரிமை தேவை.

உணரியும் ஒரு கருவியே. அதுவும் பழுதாகும், ஊடுருவலுக்கும் உள்ளாகும். உக்ரைனில் 2015 டிசம்பரில் நிகழ்ந்த இணையத் தாக்குதலில் சுமார் 2.25 லட்சம் நுகர்வோர் மின்சாரம் இழந்தனர். ஊழியர்கள் துணைமின் நிலையங்களுக்கு நேரில் சென்று, சுவிட்சுகளைக் கையால் இயக்கியே சில மணி நேரத்தில் விநியோகத்தை மீட்டனர்.