ஈரடிப்பும் நாலடிப்பும்: சிறுபடகுகளுக்கேற்ற இயந்திரம் எது?

2022ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதம் 21ஆந் திகதி நள்ளிரவு முதல் இலங்கையில் மண்ணெண்ணெயின் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அடுப்புக்கும் விளக்குக்கும் மண்ணெண்ணெய் வாங்குவோரை அவ்வுயர்வு வருத்தியதை யாவரும் அறிவர். அவர்களினும் பெரிதாக இடருற்றோர் சிறுபடகுக் கடற்றொழிலாளர் ஆவர். பருத்தித்துறையிலும் முல்லைத்தீவிலும் மன்னாரிலும் கரையேற்றப்பட்டிருக்கும் கண்ணாடியிழைப் படகுகளிற் பெரும்பாலானவற்றைச் செலுத்துவன மண்ணெண்ணெயில் ஓடும் ஈரடிப்பு வெளியிணைப்பு இயந்திரங்களே. அவற்றைக் கைவிட்டுப் பெற்றோலில் ஓடும் நாலடிப்பு இயந்திரத்துக்கு மாறுதல் நன்றோ என்னும் வினா அன்று முதல் வெறும் ஆராய்ச்சி வினாவாக இருக்கவில்லை. அடுப்பெரிவதோடு தொடர்புடைய வினாவாயிற்று.

இவ்வினாவுக்கு ஒரே சொல்லில் விடை கூறிவிடுவோர் பலர். புதியது எதுவோ அதுவே சிறந்தது என்பர் ஒரு சாரார். பழகியதை விடலாகாது என்பர் மற்றொரு சாரார். இரண்டு இயந்திரங்களும் எவ்வாறு தொழிற்படுகின்றன என்பதை அறிந்தாலன்றி இவ்விடைகளை மதிப்பிடுதல் இயலாது.

உருளையினுள்ளே பிஸ்ரன் எனப்படும் முசலம் ஒருமுறை மேலே செல்லுதலோ கீழே வருதலோ ஓர் அடிப்பு எனப்படும். ஜேர்மனியரான நிக்கொலாஸ் ஒற்றோ 1876ஆம் ஆண்டில் நடைமுறைக்குக் கொணர்ந்த இயந்திரத்தில் நான்கு அடிப்புகள் சேர்ந்து ஒரு வட்டமாகின்றன. முதலாவதில் எரிபொருளாவியும் காற்றும் உறிஞ்சப்படுகின்றன. இரண்டாவதில் அக்கலவை அமுக்கப்படுகின்றது. மூன்றாவதில் அது தீப்பற்றி முசலத்தைத் தள்ளுகின்றது. நான்காவதில் எரிந்த புகை வெளியேற்றப்படுகின்றது. நான்கனுள் ஒன்றே வேலை செய்யும் அடிப்பு. ஏனைய மூன்றும் அதற்கான ஆயத்தங்கள். சுழற்றித்தண்டு இருமுறை சுற்றும்போது ஒருமுறையே வெடிப்பு நிகழும். கலவையை உள்ளே விடவும் புகையை வெளியே விடவும் வால்வுகள் வேண்டும். அவற்றை உரிய நேரத்தில் திறந்து மூட நெம்புருளும் பட்டியும் வேண்டும். இவையனைத்தையும் நனைத்துக்கொண்டிருக்க அடியில் ஓர் எண்ணெய்த் தொட்டியும் வேண்டும்.

இத்தனை உறுப்புக்களும் இன்றியே இயந்திரம் ஓடக்கூடும் என்பதை இங்கிலாந்தில் யோசேப் டே என்பவர் காட்டினார். அவருடைய ஆக்கவுரிமை 1891ஆம் ஆண்டுக்குரியது. முசலம் மேலே செல்லும்போது மேற்புறத்திலுள்ள கலவையை அமுக்குகின்றது. அதே வேளையிற் கீழேயுள்ள மூடிய அறைக்குட் புதிய கலவையை இழுத்துக்கொள்கின்றது. வெடிப்பினால் அது கீழே வரும்போது உருளைச் சுவரிலுள்ள துவாரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கின்றன. ஒன்றின் வழியே புகை வெளியேற, மற்றொன்றின் வழியே கீழறையிலிருந்த புதுக்கலவை மேலே பாய்கின்றது. இங்கே வால்வு இல்லை, முசலமே வாயிற்காவலன். தண்டு சுற்றும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு. கலவை கீழறையினூடாகச் செல்வதால் அங்கே எண்ணெயைத் தேக்கி வைத்தல் இயலாது. ஆகவே எண்ணெயை எரிபொருளோடு கலந்தே விடுதல் வேண்டும். பெற்றோல் 50 பங்குக்கு எண்ணெய் 1 பங்கு என்பது பெருவழக்கான அளவு.

எளிமையும் பாரக்குறைவும் உடைய இம்முறை படகின் பின்பலகையிற் கொளுவித் தூக்கிச் செல்லத்தக்க இயந்திரத்துக்கு மிகவும் பொருந்திற்று. நோர்வேயிற் பிறந்து ஐக்கிய அமெரிக்காவிற் குடியேறிய ஒலே எவின்றூட் 1909ஆம் ஆண்டில் விற்பனைக்கு விட்ட வெளியிணைப்பு இயந்திரம் ஒன்றரைப் பரிவலு உடையது. நிறை 62 இறாத்தல். அதுவும் ஈரடிப்பே. யப்பானிய ஹொண்டா நிறுவனம் 1964ஆம் ஆண்டிலேயே நாலடிப்பு வெளியிணைப்பு இயந்திரத்தைச் செய்தபோதிலும், அந்நூற்றாண்டு முடியுந் தறுவாய்வரை கடலில் ஈரடிப்பின் ஆட்சியே நிலவிற்று.

சுற்றுக்கொரு வெடிப்பு உண்டாதலின் ஈரடிப்பு இருமடங்கு வலுத் தரும் என நினைத்தல் தவறு. புகை வெளியேறும் வாயிலும் புதுக்கலவை நுழையும் வாயிலும் ஒரே வேளையிற் சிறிது நேரம் திறந்திருப்பதே இம்முறையின் பிறவிக்குறை. நுழையும் கலவையில் ஒரு பகுதி, எரியாமலே புகையோடு வெளியே போய்விடுகின்றது. காபரேற்றர் பொருத்திய பழைய முறை இயந்திரங்களில் எரிபொருளின் நூற்றுக்கு 25 முதல் 30 பங்குவரை இவ்வாறு வீணாகக்கூடும் எனக் கணிக்கப்பட்டுள்ளது. வெளியிணைப்பு இயந்திரத்தின் புகைவாய் நீருக்குள்ளே இருப்பதால் அவ்வீண் கண்ணுக்குத் தோன்றுவதில்லை; துறைமுகத்து நீரின் மேல் வானவில் நிறத்தில் மிதக்கும் படலத்தைக் கண்டோர் அதனை அறிவர். தொழிலாளி காசு கொடுத்து வாங்கிய எரிபொருளே அங்கே நிறங் காட்டுகின்றது.

மேலைநாடுகள் ஈரடிப்பைத் தள்ளியமைக்கு முதற்காரணம் செலவன்று, இந்த மாசே. ஐக்கிய அமெரிக்கா 1996ஆம் ஆண்டில் விதிகளை வகுத்து, 1998 முதல் 2006 வரை படிப்படியாக வெளியிணைப்பு இயந்திரங்களின் கழிவைக் குறைக்குமாறு தயாரிப்பாளரைக் கட்டாயப்படுத்திற்று. ராஹோ ஏரியில் 1999ஆம் ஆண்டில் காபரேற்றர் ஈரடிப்புகள் தடுக்கப்பட்டன. துவாரங்கள் மூடிய பின்னரே எரிபொருளை நேரே உருளைக்குட் பீச்சும் புதுவகை ஈரடிப்புகளும் தோன்றின. அவை சிக்கனமானவை, ஆனால் மின்னணுக் கருவிகளை நம்பியவை, ஈரடிப்பின் பெருஞ்சிறப்பான எளிமையை இழந்தவை. அவ்வகையை இறுதிவரை தாங்கிநின்ற எவின்றூட் இயந்திரங்களின் உற்பத்தியும் 2020ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது.

மேலைநாட்டார் மாறினர் என்பதனால் மட்டும் இந்நாட்டுக் கரையோரத்தாரும் மாறுதல் வேண்டும் எனல் பொருந்தாது. அவர்கள் முன்னே இருந்த தெரிவு பெற்றோல் ஈரடிப்பா, பெற்றோல் நாலடிப்பா என்பது. இங்கோ தெரிவு மண்ணெண்ணெய் ஈரடிப்புக்கும் பெற்றோல் நாலடிப்புக்கும் இடையிலானது. எனவே கணக்கும் வேறாகின்றது.

15 பரிவலு இயந்திரம் ஒன்று மிதமான ஓட்டத்தில் ஈரடிப்பாயின் மணிக்கு 5 லீற்றரும், நாலடிப்பாயின் 3.5 லீற்றரும் எரிக்கின்றது என வைத்துக்கொள்க. படகின் பாரத்துக்கும் ஓட்டுவோன் கைக்கும் ஏற்ப இவ்வெண்கள் கூடிக் குறையும். ஆயினும் இவற்றின் விகிதம் அனுபவத்தோடு பெரிதும் மாறுபடாது. 2022 ஓகஸ்ற் மாதத்தில் 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றர் 450 ரூபா. நாலடிப்புக்கு மணிக்கு 1575 ரூபா செலவாகும். மண்ணெண்ணெய் 87 ரூபாவாக இருந்தவரை ஈரடிப்புக்கு 435 ரூபாவே செலவு. விலை 340 ரூபாவானபின் அதே ஈரடிப்புக்கு 1700 ரூபா. ஓர் இரவிலே தராசு மறுபக்கம் சாய்ந்துவிட்டது.

விலைகள் அதன்பின் இறங்கியும் ஏறியும் வந்துள்ளன. ஆகையால் ஒரு நாளின் விலையை அன்றி, விகிதத்தையே நினைவில் வைத்தல் பயன் தரும். 3.5ஐ 5ஆல் வகுத்தால் 0.7 வரும். மண்ணெண்ணெயின் விலை பெற்றோல் விலையில் நூற்றுக்கு எழுபதுக்குக் கீழே நிற்கும்வரை எரிபொருட் செலவில் மண்ணெண்ணெய் ஈரடிப்பு வெல்லும். அதற்கு மேலேறின் நாலடிப்பு வெல்லும். ஈரடிப்போடு கலக்கும் எண்ணெயின் விலையையும் சேர்த்தால் இவ்வெல்லை எழுபதினின்றும் இன்னுஞ் சிறிது கீழே இறங்கும். ஆண்டுக்கு 800 மணிநேரம் ஓடும் ஈரடிப்பு, மேற்சொன்ன 50:1 அளவில், 80 லீற்றர் எண்ணெயை எரித்துவிடும். நாலடிப்பிலோ 100 மணிநேரத்துக்கு ஒருமுறை ஒன்று முதல் இரண்டு லீற்றர் மாற்றினாற் போதும். ஆண்டுக்கு 16 லீற்றரை மிஞ்சாது.

மண்ணெண்ணெய் மலிவாக விற்கப்பட்ட காலத்தில் ஈரடிப்பை விடாதிருந்த தொழிலாளரை அறியாதவர் எனப் பழித்தோர் இக்கணக்கைப் போட்டுப் பார்த்தவரல்லர். அன்றைய விலைக்கு அவர்கள் செய்த தெரிவு சரியானதே. குறை அவர்களிடமன்று, அரசின் மானியத்தால் தாங்கப்பட்ட ஒரு விலையின்மேல் ஒரு தொழில் முழுவதும் நிறுத்தப்பட்டிருந்ததே குறை.

நாலடிப்பையே மண்ணெண்ணெயில் ஓட்டலாகாதா என வினவுவோர் உளர். 1990களிற் பெற்றோல் தடைப்பட்டிருந்த யாழ்ப்பாணத்தில், சில துளி பெற்றோலிற் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்களை நினைவுகூர்வோர்க்கு இவ்வினா இயல்பானது. ஓடும் என்பது உண்மை. ஆனால் விலை கொடுத்தே ஓடும். மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது; சூடேறாத உருளையில் எரியாது எஞ்சுவது சுவர் வழியே வடிந்து எண்ணெய்த் தொட்டியிற் கலக்கும். எண்ணெய் நீர்த்துப்போகத் தாங்கிகள் தேயும். மேலும் பெற்றோலுக்கென அமைந்த அமுக்க விகிதத்தில் மண்ணெண்ணெய் முன்கூட்டியே வெடித்து முசலத்தைத் தட்டும். மண்ணெண்ணெய்க்கென்றே செய்யப்படும் ஈரடிப்புகளில் அமுக்கத்தைக் குறைத்திருப்பது இதனாலேயே. அவற்றையும் பெற்றோலிற் கிளப்பிச் சூடேற்றிய பின்னரே மாற்றுதலும், நிறுத்துமுன் மறுபடி பெற்றோலுக்கு மாற்றுதலும் வழக்கம்.

இனி எரிபொருளுக்கு அப்பாற்பட்டவை. 15 பரிவலு ஈரடிப்பின் நிறை ஏறத்தாழ 36 முதல் 42 கிலோகிராம். நாலடிப்பு 45 முதல் 52 கிலோகிராம். காகிதத்தில் இது சிறிய வேற்றுமை. தொழில் முடிந்து இயந்திரத்தைக் கழற்றித் தோளிற் சுமந்து மணலிலே நடப்பவனுக்கு அது சிறிதன்று. ஈரடிப்பை எப்பக்கமாகவும் கிடத்தலாம். நாலடிப்பைத் தயாரிப்பாளர் குறித்த பக்கமாகவே கிடத்தல் வேண்டும், அன்றேல் தொட்டி எண்ணெய் உருளைக்குள் இறங்கிவிடும். வாடகைக்கு இயந்திரங் கொடுப்போர் இதனை வாங்குவோர்க்குச் சொல்லத் தவறலாகாது. படகு கவிழ்ந்து இயந்திரம் கடல்நீர் குடித்தாலும், ஈரடிப்பை நன்னீரிற் கழுவி, செருகியைக் கழற்றி நீரை வெளியேற்றி, எண்ணெய் விட்டு உடனே ஓட்டி மீட்டெடுத்தல் கூடும். நாலடிப்பின் தொட்டியில் உப்புநீர் புகுந்தால் வேலை பலமடங்கு. முல்லைத்தீவுபோன்ற திறந்த கரைகளில், வாடைக்காற்றுக் காலத்து அலையை ஊடறுத்துப் படகு இறக்குவோர்க்கு இது புறக்கணிக்கத்தக்க காரணமன்று.

நாலடிப்பின் நன்மை மெதுவோட்டத்திற் புலனாகும். வலை இழுக்கும்போதும் தூண்டில் இழுத்துச் செல்லும்போதும் ஈரடிப்பு நீண்டநேரம் மெதுவாக ஓடினாற் செருகியில் எண்ணெய்க்கரி படிந்து நின்றுவிடுவதுண்டு. நாலடிப்பு அமைதியாக ஓடிக்கொண்டிருக்கும். செருகி கரிபிடிப்பது கண்டு எண்ணெயைக் குறைத்துக் கலப்போரும் உளர். அது பெருந்தவறு, முசலம் உருளையோடு இறுகிப்பிடித்து இயந்திரமே பாழாகும். யாழ்ப்பாணக் குடாக்கடல் போன்ற ஆழமற்ற பரவைக்கடல்களில் மாசுக் காரணமும் வலுப்பெறுகின்றது. நண்டும் இறாலும் வளரும் கடற்சாதாழைப் படுகையின்மேல் எரியாத மண்ணெண்ணெயைக் கொட்டுதல், தொழிலாளி தன் மறுவருட விளைச்சலின்மேற் கொட்டுதலையொக்கும்.

பழுதுபார்த்தலைப் பொறுத்தவரை ஈரடிப்பைக் கரையோர ஊர்களிற் கழற்றிப் பூட்டத் தெரிந்தவர் பலர். நாலடிப்புக்கு வால்வு இடைவெளி அளக்கவும் பட்டியை ஒழுங்காக மாட்டவும் கற்ற கை வேண்டும். ஓடத் தொடங்கிய முதல் 20 மணிநேரத்தில் எண்ணெய் மாற்றவேண்டும் என்பதை மறந்தவர்க்கு எந்தச் சிக்கனமும் கிட்டாது.

ஆகவே நாள்தோறும் நெடுந்தொலைவு ஓடி, ஆண்டுக்கு எண்ணூறு ஆயிரம் மணிநேரம் இயந்திரத்தை உழைக்க வைக்கும் படகுக்கு, விலை விகிதம் எழுபதை அண்மிக்கும்போது நாலடிப்பே தகும். கூடுதலாகக் கொடுத்த முதலை எரிபொருள் மீட்டுத் தரும். பெற்றோலோடு பெற்றோலை ஒப்பிட்டால் 800 மணிநேரத்தில் மிச்சம் 1200 லீற்றர். ஆண்டுக்கு நூறு மணிநேரமும் ஓடாத படகுக்கு அம்மிச்சம் 150 லீற்றரே. அதற்காகக் கடன்படுதல் அறிவன்று. நாளாந்தம் இயந்திரத்தைச் சுமக்கும் திறந்த கரைத் தொழிலாளிக்கும் ஈரடிப்பு இன்னும் பொருந்தும். எந்த இயந்திரமாயினும் முழுவேகத்தினின்றும் சற்றுத் தணித்து ஓட்டுவதால் வரும் மிச்சம், சிலவேளை இயந்திரத்தை மாற்றுவதால் வருவதினும் பெரிது. விரைந்து சந்தைக்குச் சேர்தல் வேண்டும் என்ற போட்டியில் இது மறக்கப்படுகின்றது.

பாவித்த நாலடிப்பை வாங்க எண்ணுவோர் முதலிற் பார்க்கவேண்டியது வெளிப்பூச்சையன்று. எண்ணெய் அளவுகோலை உருவுக. எண்ணெய் பால்போல வெளுத்திருப்பின் நீர் புகுந்துள்ளது. மட்டம் குறித்த கோட்டுக்கு மேலே நின்று மண்ணெண்ணெய் மணம் வீசுமாயின், முன்னைய உடைமையாளர் அதனை எதில் ஓட்டினார் என்பது தெளிவு.