கட்டிலே ஆபீஸ் ஆனா தூக்கம் எப்படி வரும்?

போன வருஷம் வேலைக்குப் போன சீனியர்கள்கிட்ட பேசினா, சம்பளத்துக்கு அடுத்து வர்ற பேச்சு தூக்கம்தான். பகல் முழுக்க சேர்ல உட்கார்ந்தே வேலை. ராத்திரி படுத்தா கண்ணு எரியுது, தூக்கம் மட்டும் வரலை.

விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும். அது சேரச் சேரத் தூக்கம் வரும். காபியில் இருக்கும் கஃபீன், அடினோசின் உட்கார வேண்டிய இடத்தில் தான் போய் உட்கார்ந்துகொள்ளும். அதில் பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் 5 மணி நேரம் ஆகும். டெட்லைன்னு சாயங்காலம் 6 மணிக்குக் குடிச்ச காபி, 11 மணிக்கும் பாதி உள்ளேயே இருக்கும்.

காபியை விட்டும் தூங்க முடியாதவங்க இருக்காங்க. பி.ஜி. ரூம்ல மேஜை கிடையாது. மீட்டிங், கோடிங், சாப்பாடு, மேனேஜர்கிட்ட திட்டு, எல்லாமே கட்டில்லதான். கட்டில்னாலே டென்ஷன்னு மூளை பழகிடுது. இதற்கு அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் பூட்சின் 1972-இல் ஒரு வழி சொன்னார்: கட்டில் தூங்குவதற்கு மட்டும். சுமார் 20 நிமிஷத்துல தூக்கம் வரலைன்னா புரண்டுட்டு இருக்காம எழுந்துடணும். மங்கலான வெளிச்சத்துல போரான புத்தகம் எதையாவது படிக்கலாம் (நம்ம செமஸ்டர் நோட்ஸே போதும்!). கண்ணு சொக்கினாதான் திரும்பப் படுக்கணும். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழணும், பகல் தூக்கம் கூடாது. அப்போதுதான் அடினோசின் ராத்திரிக்கு முழுசா சேரும். ஆரம்பத்துல சில நாள் கொடுமையாத்தான் இருக்கும்.

வாரம் மூணு ராத்திரியாவது தூக்கம் வராம, அது மூணு மாசம் நீடிச்சா டாக்டரைப் பாருங்க. மெடிக்கல் ஷாப்ல நீங்களே மாத்திரை கேட்காதீங்க.