குறைந்த விலையில் வேட்டை வில்: வாங்குமுன் வணிகர் போட வேண்டிய கணக்கு

எந்தச் சரக்கானாலும் கொள்முதல் விலையோடு வண்டிக் கூலி, இறக்கு கூலி, கழிவு எல்லாம் சேர்த்து அடக்க விலை கண்ட பிறகே மேற்கொண்டு பேசுவது வணிகர் வழக்கம். அந்தக் கணக்கைப் போடாமல் பலர் வாங்கத் துடிக்கும் ஒரு பொருளைப் பற்றி இங்கே எழுத வேண்டியுள்ளது.

வேங்கிக்காலில் உள்ள எங்கள் மொத்தக் கடைக்கு வருவோரில் சிலர், "முதலாளி, கிராஸ்போ என்கிறார்களே, அது மலிவாக எங்கே கிடைக்கும்? நல்லதாகப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்கிறார்கள். மணிலாக் கொல்லையைக் காட்டுப்பன்றி கிளறிவிட்டது என்று ஒரு விவசாயி கேட்பார். குரங்குத் தொல்லை தாங்கவில்லை என்று சில்லறைக் கடைக்காரர் கேட்பார். கைப்பேசியில் படம் பார்த்துவிட்டு வாலிபப் பிள்ளைகளும் கேட்பார்கள். எல்லோருக்கும் ஒரே பதிலாக இருக்கட்டும் என்று இதை விளக்குகிறோம்.

கிராஸ்போ என்பது குறுக்கு வில். துப்பாக்கிக் கட்டை போன்ற ஒரு தண்டின் முனையில் வில்லைக் குறுக்காகப் பொருத்தியிருப்பார்கள். நாணை இழுத்து ஒரு கொக்கியில் மாட்டிவிட்டால் அது அப்படியே நிற்கும். விசையை அழுத்தினால் கொக்கி விடுபட்டு, குட்டை அம்பு பாயும். கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டே குறி பார்க்க வேண்டியதில்லை என்பதுதான் சாதாரண வில்லுக்கும் இதற்கும் உள்ள வேற்றுமை.

இது நமக்கு முற்றிலும் புதியதும் அன்று. மதுரைக் கோட்டையில் இருந்த பொறிகளில் ஒன்றாக வளைவிற்பொறியைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. மலையாளக் கரையில் மீன் எய்யவும் நிக்கோபார் தீவுகளில் வேட்டைக்கும் குறுக்கு வில் பயன்பட்டது. தென்னிந்தியாவின் குறுக்கு வில், வளைதடி ஆகியவை பற்றி ஜேம்ஸ் ஹார்னெல் 1924 இல் ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார்.

இன்று வேட்டைக்கென்றே இது விற்பனையாகும் பெரிய சந்தை அமெரிக்கா. அங்கே அனுமதிச் சீட்டு வாங்கி, குறித்த பருவத்தில் மான் வேட்டையாடச் சட்டம் இடம் தருகிறது. அங்குள்ளவர் விலை குறைந்த வில் வாங்கும்போது கவனிப்பவை இவை.

1. இழுவிசை. இதைப் பவுண்டுக் கணக்கில் சொல்வார்கள். மான் வேட்டைக்கான வில் ஏறத்தாழ 150 பவுண்டும் அதற்கு மேலும் இருக்கும். கைத்துப்பாக்கி வடிவில் வரும் மலிவான சிறு வில்கள் 50 முதல் 80 பவுண்டு வரைதான். அவை விலங்கை உடனே வீழ்த்தாது, காயப்படுத்தி ஓடவிடும்.

2. வகை. கப்பி இல்லாத வளைவு வில்லுக்கு நாண் மாற்றுவது எளிது. கப்பி வைத்த வில்லுக்கு வேகம் அதிகம், ஆனால் நாண் மாற்றத் தனிக் கருவியும் தெரிந்த ஆளும் வேண்டும்.

3. அம்பு. தயாரிப்பாளர் சொன்ன எடைக்குக் குறைந்த அம்பைப் போட்டாலும், அம்பே இல்லாமல் விசையைத் தட்டினாலும் வில்லின் கைகள் பிளந்துபோகக் கூடும்.

4. காப்பு. அம்பு இல்லாதபோது விசை விழாதபடி ஒரு தடுப்பு வேண்டும். நாண் ஓடும் பாதையில் விரல் இருந்தால் அந்த விரல் மிஞ்சாது. மலிவுச் சரக்கில் முதலில் குறைக்கப்படுவது இந்தக் காப்பு அமைப்புத்தான்.

இவற்றுக்கு மேல் அம்புகள், மாற்று நாண், மெழுகு, பழகுவதற்கான இலக்கு என்று செலவு நீளும். ஆக, மலிவு வில் என்று வாங்குபவர் அங்கேயே ஏமாறுகிறார். பிரிட்டனிலோ 1981 ஆம் ஆண்டுச் சட்டப்படி வில்லாலும் குறுக்கு வில்லாலும் காட்டு விலங்குகளைக் கொல்வது குற்றம். வயது வராதவருக்கு இதை விற்கும் கடைக்காரரைத் தண்டிக்க 1987 இல் அங்கே தனிச் சட்டமே வந்தது.

இனி நம் நாட்டுக் கணக்குக்கு வருவோம். 1972 ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி மான், மயில், முயல், காட்டுப்பன்றி ஆகியவற்றை வேட்டையாடக் கூடாது. கொல்வது மட்டும் வேட்டை என்று பலர் நினைக்கிறார்கள். பிடிப்பதும், காயப்படுத்துவதும், கண்ணி வைப்பதும், அதற்கு முயல்வதும் சட்டத்தின் கண்ணில் வேட்டையே. 2022 இல் செய்த திருத்தத்தின்படி பொதுவான குற்றத்துக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. முதல் அட்டவணையில் உள்ள மயில் போன்றவற்றுக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகம் 7 ஆண்டு சிறை. பயன்படுத்திய ஆயுதமும் வண்டியும் அரசுடைமையாகும். குற்றத்துக்கு உடந்தையாக இருந்தவரும் குற்றவாளியே. "எதற்கு என்று தெரிந்துதான் விற்றேன்" என்று சொல்லும் கடைக்காரர் இதை நினைவில் கொள்க.

குரங்கை அடித்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு 1960 ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. சில வகை ஏர்கன்னுக்கு உரிமம் தேவையில்லை என்பதும் வேட்டைக்கு அனுமதி ஆகிவிடாது.

எங்கள் வீட்டுக் கதையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். கிட்டங்கியின் கூரைத் தகட்டு இடைவெளி வழியாகக் குரங்குகள் இறங்கி மணிலாப் பயறு மூட்டைகளைக் கிழித்துக்கொண்டிருந்தன. தம்பி மகன் எங்களிடம் சொல்லாமல் தபாலில் ஒரு சிறு குறுக்கு வில் வரவழைத்தான். விலை நாலாயிரத்துச் சொச்சம். ஒரு நாள் காலை மூட்டை மேல் உட்கார்ந்திருந்த குரங்கைக் குறி வைத்தான். குரங்கு தாவிவிட்டது. அம்பு 15 கிலோ எண்ணெய் டின்னைத் துளைத்து, பின்னால் இருந்த மரச் சட்டத்தில் குத்தி நின்றது. அந்தச் சட்டத்துக்கு ஒரு சாண் தள்ளி, மூட்டை இறக்கும் தொழிலாளி ஒருவர் குனிந்து நின்றிருந்தார். இருபது ஆண்டுகளாக எங்களோடு உழைப்பவர், மூன்று பெண் பிள்ளைகளுக்குத் தகப்பன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அம்பைப் பிடுங்கி எங்கள் மேசை மேல் வைத்துவிட்டு மறுபடி மூட்டை தூக்கப் போனார். அன்றைக்கு எண்ணெய் போன நஷ்டத்தை நாங்கள் எழுதவே இல்லை. அந்த ஒரு சாண் தவறியிருந்தால் எந்தப் பேரேட்டில் எழுதுவது?

மறு வாரமே கூரை இடைவெளிக்குக் கம்பி வலை அடித்தோம். வில்லுக்குக் கொடுத்ததை விடச் சற்றுக் கூடுதலாகச் செலவானது. அதன் பிறகு குரங்கு உள்ளே இறங்கவில்லை.

ஆகவே நம் உறுப்பினர்களுக்குச் சொல்வது இதுதான். குரங்கு வருவது தீனிக்கு. பழக்கழிவையும் உடைந்த மூட்டைச் சிந்தலையும் அன்றன்றே அகற்றுங்கள். கடைமுன் பழம், பொட்டலங்களைக் கம்பிக் கூண்டுக்குள் வையுங்கள். நம் பகுதியில் கிரிவலம் வருவோர் குரங்குக்குத் தீனி போடுவதைக் கண்டால், வேண்டாம் என்று பணிவாகச் சொல்லுங்கள். தொல்லை மிகுந்தால் வனத்துறைக்கு எழுத்து மூலம் மனுக் கொடுங்கள். எலிக்கு எலிப்பொறியும், தரையிலிருந்து ஓரடி உயர்த்திய மரப்பலகையும் போதும்.

பன்றியால் பயிர் இழந்த விவசாயி வந்தால், வனத்துறையில் இழப்பீட்டுக்கு மனுச் செய்யச் சொல்லுங்கள். காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றிகளைச் சுடுவது பற்றித் தமிழக அரசு 2025 ஜனவரியில் முடிவு அறிவித்தது. அதன்படியும் சுட வேண்டியவர்கள் பயிற்சி பெற்ற வனத்துறையினர்தான். தனி ஆள் அல்ல.

நம் வாடிக்கையாளர் நம்மை நம்பி யோசனை கேட்கிறார். இரண்டு ரூபாய் லாபத்துக்காகத் தவறான பொருளைக் காட்டினால், அவர் சிறைக்குப் போகும் நாளில் நம் கடையின் பெயரையும் சேர்த்தே சொல்வார். "அது வேண்டாம் ஐயா, வலை அடியுங்கள்" என்று சொல்லி அனுப்பினால் அடுத்த மாத மளிகைக்கும் நம்மிடமே வருவார். எந்த வில்லை வாங்கலாம் என்று கேட்டவர்களுக்கு எங்கள் பதில்: வாங்காத வில்தான் மலிவு.