காகித விமானமும் கண்ணாடிப் பேரனும்

மட்டாஞ்சேரியில் குடியிருப்பவர்களுக்கு விமானச் சத்தம் புதிதல்ல. நமக்கும் வில்லிங்டன் தீவுக்கும் நடுவே இருப்பது காயல் மட்டும்தான். 1999-இல் நெடும்பாசேரி நிலையம் திறக்கும் வரை பயணிகள் விமானங்களும் தீவிலுள்ள கடற்படை ஓடுதளத்தில்தான் வந்து இறங்கின. மிளகு மண்டியில் பேரேடு எழுதிக்கொண்டிருக்கும்போது தலைக்கு மேலே சத்தம் கேட்டால், கூட்டிக்கொண்டிருந்த இடத்தை இடது கை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்ப்பேன். முதலாளி கண்டுகொள்ள மாட்டார். அவரும் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்!

விருதுநகரிலிருந்து பிழைக்க வந்து நாற்பது வருடங்களுக்கு மேலாகிவிட்டது. அந்த விமானப் பைத்தியம் என்னோடு போகும் என்று நினைத்திருந்தேன். மகள் வயிற்றுப் பேரனிடம் போய் ஒட்டிக்கொண்டது. மூன்று வயதிலேயே, கடற்படையின் டோர்னியர் போகிறதா ஹெலிகாப்டர் போகிறதா என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவான். "பெரியவனாகி என்ன ஆகப்போகிறாய்?" என்று கேட்டால் ஒரே பதில்தான்: பைலட்.

சென்ற ஏப்ரல் மாதம் அவனுக்குப் பன்னிரண்டாம் வயதில் மூக்குக் கண்ணாடி வந்தது. கரும்பலகை தெரியவில்லை என்று ஆசிரியை சொல்லி அனுப்பியிருந்தார்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தவன் யாரோடும் பேசவில்லை. ராத்திரி என் கட்டிலருகே வந்து, "கண்ணாடி போட்டவங்களை பைலட்டா எடுக்க மாட்டாங்களாம் தாத்தா. கிளாசில் எல்லாரும் பறஞ்ஞு" என்றான். நம் வீட்டுப் பிள்ளைகளுக்குத் துக்கம் வந்தால் மலையாளம் முந்திக்கொள்கிறது.

என்ன சொல்வது? "அதெல்லாம் சரியாகிவிடும்" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடலாம். பன்னிரண்டு வயதுப் பிள்ளை நம்ப மாட்டான். அதனால், "உன்னை மாதிரி கண் பரிசோதனையில் தோற்ற ஒருத்தன் ஓட்டிய விமானம் இருக்கிறது. அதை நாம் காகிதத்தில் செய்வோம். செய்துகொண்டே அவன் கதையைச் சொல்கிறேன்" என்றேன்.

ஏழு தாள், ஒரு பிளேடு

அந்த விமானத்தின் பெயர் எஸ்.இ.5ஏ. இங்கிலாந்தில் ஃபார்ன்பரோ என்னுமிடத்திலிருந்த அரசு விமானத் தொழிற்சாலையில் உருவாகி, 1916 நவம்பரில் முதலில் பறந்த எஸ்.இ.5 விமானத்தின் மேம்பட்ட வடிவம். முதல் உலகப் போரின் பேர்பெற்ற போர் விமானங்களில் ஒன்று. மேலே ஒரு இறக்கை, கீழே ஒரு இறக்கை என்று இரட்டை இறக்கை. மணிக்கு 220 கிலோமீட்டர் வேகம். ஐயாயிரத்துக்கும் மேல் செய்தார்கள்.

காகிதத்தில் மாதிரி விமானம் செய்வது பல நாடுகளில் பழைய கலை. போலந்து நாட்டில் 'மாவி மொதெலாஷ்' என்றொரு பத்திரிகை 1957-இல் இதற்கென்றே தொடங்கியது. பக்கங்களை வெட்டி ஒட்டினால் விமானமோ கப்பலோ கிடைக்கும். விமானங்களுக்கு 33-இல் ஒரு பங்கு என்பது அவர்களுடைய அளவு. எஸ்.இ.5ஏ-யின் இறக்கை நீளம் 8.11 மீட்டர், 33-ஆல் வகுத்தால் 24½ சென்டிமீட்டர் சொச்சம். மூக்கிலிருந்து வால் வரை 6.38 மீட்டர், அது 19 சென்டிமீட்டர் சொச்சமாகிறது. இந்த வகுத்தல்களைப் பேரனையே போடச் சொன்னேன். பேரேடு எழுதிய தாத்தாவுக்கு அவ்வளவு ஆசை இருக்காதா?

மகள் வரைபடத்தைக் கம்ப்யூட்டர் கடையில் கெட்டித் தாளில் அச்சிட்டு வாங்கி வந்தாள். மொத்தம் ஏழு தாள். மற்ற சாமான்கள் எல்லாம் வீட்டிலேயே இருந்தன. உள்கூட்டுக்குப் போன வருடத்துத் தினசரிக் காலண்டர் அட்டை. சிவகாசிக்காரர்கள் போடும் அட்டை வீண் போகாது! மடிக்க வேண்டிய கோடுகளை அழுத்தி வைக்க மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனா. ஒட்டுவதற்கு ஃபெவிகால், தீக்குச்சி முனையால் தொட்டு வைக்கும் அளவுக்கு மட்டும். வெட்டிய ஓரம் வெள்ளையாகப் பல்லிளிக்காமலிருக்க வாட்டர் கலர்.

இரண்டு இறக்கைகளையும் இணைக்கும் தூண்களுக்குத் தென்னை ஓலை ஈர்க்கு. "இது ஈர்க்கில் தாத்தா" என்றான் பேரன். "தமிழில் ஈர்க்கு" என்றேன். பசைக்கும் கஞ்சிக்கும் இரண்டு பாஷையிலும் ஒரே பெயர் என்று அவனே கண்டுபிடித்தான். அன்றிலிருந்து எதை எடுத்தாலும் "தமிழில் என்ன?" என்று கேட்க ஆரம்பித்தான். பாடம் நடத்தியிருந்தால் ஓடியிருப்பான்.

வேலைப் பங்கீடும் தானாக அமைந்தது. எனக்குக் கண்புரை அறுவை ஆனபின் கிட்டத்துப் பொருள் மங்கல்; கை மட்டும் நடுங்காது. அவனுக்குத் தூரம்தான் தெரியாது. கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டத்தில் பார்த்தால் மயிரிழையும் தெரியும். அவன் கோட்டைக் காட்டுவான், நான் வெட்டுவேன்.

என் தவறு

உடல் பகுதி நான்கு நாளில் முடிந்தது. மேல் இறக்கைக்கு வந்தபோதுதான் ஒரு காரியம் செய்தேன். இறக்கையின் உள்ளே நீளவாக்கில் ஒரு சட்டமும், குறுக்கே எட்டு விலாத் துண்டுகளும் ஒட்ட வேண்டும் என்று படத்தில் இருந்தது. எட்டும் அரிசி அளவுதான். "உள்ளே இருப்பது வெளியே தெரியவா போகிறது?" என்று சட்டத்தை மட்டும் வைத்து மூடிவிட்டேன். பேரன், "எட்டையும் வைக்கணும்னு போட்டிருக்கே தாத்தா" என்றான். நான் கேட்கவில்லை.

அன்று ராத்திரி இடவப்பாதி மழை பிடித்துக்கொண்டது. கொச்சியின் மழைக்காலத்தில் அப்பளமே நமுத்துப்போகும், காகிதம் எம்மாத்திரம்? காலையில் பார்த்தால் இறக்கை முறுக்கிக்கொண்டு கிடந்தது, காய்ந்த வாழைச் சருகு போல.

பேரன் அழவில்லை. "தாத்தாவும் ஏமாத்துவீங்களா?" என்று கேட்டான். அது அழுகையைவிடக் கஷ்டமாக இருந்தது.

மறைக்காமல் ஒப்புக்கொண்டேன். அதோடு நிஜ விமானத்தின் கதையையும் சொன்னேன். 1917 ஜனவரி 28 அன்று எஸ்.இ.5-இன் இரண்டாவது சோதனை விமானத்தை ஃபிராங்க் குடன் என்பவர் ஓட்டினார். வடிவமைப்பில் பங்கு கொண்டவரே அவர். வானத்தில் இறக்கை ஒடிந்து உயிரை விட்டார். ஆராய்ந்து பார்த்தபோது இறக்கைக்குள்ளிருந்த குறுக்குச் சட்டங்களின் பலம் போதவில்லை என்று தெரிந்தது. பிறகு அவற்றுக்கு ஒட்டுப்பலகை வைத்துக் கட்டினார்கள். வெளியே தெரியாத பாகம்தான் விமானத்தைத் தூக்கிப் பிடித்தது.

மறுபடி அச்சிட்டு, எட்டு விலாவையும் பேரனே ஒட்டினான். நம் சங்கத்து ஆண்டு மலர்கள் ஆறேழை அடுக்கி, அதன் கீழே ஒரு நாள் முழுக்க வைத்தோம். ஆண்டு மலரின் கனம் இப்படியும் பயன்படும் என்று ஆசிரியர் குழு தெரிந்துகொள்ளட்டும்!

வேளி சலவைத் துறையில்

நிஜ விமானத்தின் இறக்கையில் தகடு கிடையாது. மரக்கூட்டின் மேல் லினன் துணி. "துணி எப்படிக் காத்தைத் தாங்கும்?" என்று கேட்டான். வாயால் சொல்வதைவிடக் காட்டுவது நல்லது என்று ஃபோர்ட் கொச்சி வேளியிலுள்ள சலவைத் துறைக்கு, 'தோபி கானா' என்கிறார்களே, அங்கே அழைத்துப் போனேன். டச்சுக்காரர் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பங்களின் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே துவைக்கிறார்கள். நம்மைவிடப் பல தலைமுறை முந்தி வந்த தமிழர்கள். வீட்டுக்குள் தமிழ் இன்னும் இருக்கிறது.

ஒரு பெரியவர் கஞ்சி போட்டுக் காய்ந்த வேட்டியைப் பேரன் கையில் கொடுத்து, "தட்டிப் பாருய்யா" என்றார். தட்டினான். மேளம் மாதிரி சத்தம் வந்தது. அதே வேலைதான். விமானத் துணியின் மேல் 'டோப்' என்ற பூச்சைப் பூசுவார்கள். காயும்போது துணி சுருங்கி விறைத்துக்கொள்ளும். அங்கே கொடியில் கிளிப் கிடையாது. இரண்டு புரியாக முறுக்கிய கயிற்றின் இடுக்கில் துணி முனையைச் செருகிவிட்டால் காற்றில் பறக்காது. வரும் வழியெல்லாம் பேரன் அந்தக் கயிற்றைப் பற்றியே பேசினான்.

இந்திரலால் ராய்

இனி, வாக்குக் கொடுத்த கதை. 1898 டிசம்பர் 2 அன்று கல்கத்தாவில் பிறந்தவர் இந்திரலால் ராய். லண்டனில் செயின்ட் பால்ஸ் பள்ளியில் படித்தார். விமானப் படையில் சேரப் போனபோது கண் பார்வை போதாது என்று திருப்பி அனுப்பினார்கள். தன் மோட்டார் சைக்கிளை விற்று, அந்தப் பணத்தில் பெரிய கண் நிபுணர் ஒருவரிடம் மறுபடி பரிசோதனை செய்துகொண்டு, முடிவை மாற்ற வைத்தார் என்று அவர் வரலாற்றில் சொல்கிறார்கள். 1917-இல் சேர்த்துக்கொண்டார்கள்.

அந்த வருடக் கடைசியில் அவர் ஓட்டிய எஸ்.இ.5ஏ விழுந்து நொறுங்கியது. பலத்த காயம். பறக்கத் தகுதியில்லை என்றார்கள். படுக்கையில் கிடந்தபடி அவர் செய்த காரியம், விமானங்களைப் படம் படமாக வரைந்தது. பறக்க முடியாத காலத்தில் அவருக்கும் காகிதம்தான் விமானம். அந்தப் படங்களில் பல இன்றும் இருக்கின்றன.

1918 ஜூனில் மறுபடி போர்முனைக்குப் போனார். 40-ஆம் படைப்பிரிவு. ஜூலை 6 முதல் 19 வரை, பதினான்கே நாளுக்குள் பத்து வெற்றிகள். ஜூலை 22 அன்று பிரான்சில் வானத்தில் நடந்த சண்டையில் இறந்தார். அதன் பிறகு டி.எஃப்.சி. விருது அளித்தார்கள், அதைப் பெற்ற முதல் இந்தியர் அவர். எஸ்தெவெல் என்ற ஊரில் அவர் கல்லறை இருக்கிறது. கல்லில் வங்காள எழுத்தும் பொறித்திருக்கிறார்கள். 1998-இல் நம் அஞ்சல் துறை அவருக்குத் தபால் தலை வெளியிட்டது. அவருடைய உறவினர் சுப்ரதோ முகர்ஜிதான் 1954-இல் இந்திய விமானப் படையின் தலைமைப் பதவிக்கு வந்த முதல் இந்தியர்.

எல்லாம் கேட்டுவிட்டுப் பேரன், "செத்தப்ப அவருக்கு எத்தனை வயசு?" என்றான்.

"பத்தொன்பது."

வெகு நேரம் பேசாமல் ஓரத்துக்கு வர்ணம் தீட்டிக்கொண்டிருந்தான். அடுக்களையிலிருந்து என் மகள் எட்டிப் பார்த்தாள். 'பிள்ளைக்கு இதைப் போய்ச் சொல்ல வேண்டுமா அப்பா?' என்று அவள் முகம் கேட்டது. எனக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. ஆனால் வெற்றியை மட்டும் சொல்லி முடிவை மறைத்தால், உள்ளே விலா வைக்காத இறக்கை போலத்தானே ஆகும்?

"எல்லாரும் செத்துட்டாங்களா?" என்று கடைசியில் கேட்டான். இல்லை, ஹர்தித் சிங் மாலிக் என்ற சீக்கியர் சாப்வித் கேமல் என்ற இன்னொரு இரட்டை இறக்கை விமானத்தை ஓட்டினார். காலில் குண்டு பாய்ந்தும் பிழைத்தார். பிற்காலத்தில் பிரான்சில் நம் நாட்டுத் தூதராக இருந்து, 1985 வரை வாழ்ந்தார் என்றேன். அதைக் கேட்டபின்தான் சாப்பிட வந்தான்.

கடைசிக் கட்டம்

கீழ் இறக்கையின் மேல் இருபுறமும் தீப்பெட்டிகளை ஒரே உயரத்துக்கு அடுக்கி, அதன்மேல் மேல் இறக்கையை உட்கார வைத்து, ஈர்க்குத் தூண்களை ஒவ்வொன்றாக நிறுத்தினோம். பசை இறுகிய பின் தீப்பெட்டிகளை உருவினால் இறக்கை நிற்கிறது. பின்பு தூண்களுக்கிடையே குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய தூண்டில் நரம்பு. நரம்பு கட்டும் வரை ஆடிக்கொண்டிருந்த இறக்கை, கட்டியதும் அசையவில்லை.

செய்து பார்க்க நினைக்கும் பெற்றோருக்கு மூன்று வார்த்தை. பிளேடு பெரியவர்கள் கையில் இருக்கட்டும். பசையைக் குறைத்து, காயும் நேரத்தைக் கூட்டுங்கள். மழைக்காலமானால் ஒட்டிய துண்டை இரண்டு புத்தகத்துக்கு நடுவே வைக்காமல் தூங்கப் போகாதீர்கள்.

நவராத்திரியில் என் மகள் கொலு வைத்தாள். செட்டியார் பொம்மைக்கும் தசாவதாரத்துக்கும் பக்கத்தில் எஸ்.இ.5ஏ-யும் ஒரு படியில் ஏறியது. சுண்டல் வாங்க வந்த பெண்களெல்லாம் அதன் முன்னால் நின்றார்கள். நான் வாய் திறக்கவில்லை. பேரன்தான் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, ஒவ்வொருவருக்கும் இந்திரலால் ராயின் கதையைச் சொன்னான். ஈர்க்கு, விலா, பசை, நரம்பு, எல்லாம் தமிழிலேயே வந்தன. முடிவையும் மறைக்காமல் சொன்னான்.

"அப்போ நீயும் பைலட் ஆகப்போறியா?" என்று ஒரு மாமி கேட்டார்கள்.

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அவன் கண் நாளைக்கு எந்தப் பரிசோதனையில் தேறும், எதில் தேறாது என்று என்னால் சொல்ல முடியாது. அவனுக்கும் அது தெரியும்.

"தெரியாது மாமி," என்றான். "முதல்ல கேமல் செய்யணும். அதுக்கு ஈர்க்கு காயப் போட்டிருக்கோம்."